பச்சை விழவில்லை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், தம்பி. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். பூங்காவில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். நான் ரேடியோ மெக்கானிக். போய் நின்றால் நகர்ந்து இடம்கூட விடமாட்டார்கள். தொற்று வந்து ஊரை அடைத்ததும் கூட்டம் கலைந்தது. அவர் தனியாள், காதும் மந்தம். காய்கறி, மாத்திரை, ஊர்ச்செய்தி எல்லாம் அவருக்கு நான்தான். கதவில் இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. அது நான். வேறு தட்டலுக்குத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.

"பச்சை விழுந்துச்சா?" என்று தினமும் கேட்பார், வெளியே வரலாமா என்பதைத்தான் அப்படி.

"இன்னும் சிவப்புதாண்ணே" என்பேன். சிவப்பைத் தாண்டி ஒருநாளும் வண்டி எடுக்காத மனுஷன். கதவோர நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்.

அப்புறம் ஊரைத் திறந்துவிட்டார்கள். அப்பாவை அழைத்துப் போக வருவதாக மகள் எனக்கு ஃபோன் செய்தாள். வெளியே முழுசாகச் சரியாகவில்லை என்று எனக்குப் பட்டது. அதனால் அவரிடம் சிவப்பு என்றே சொன்னேன். டிவி கேபிளைப் பிடுங்கினேன். காது மிஷினைப் பழுதுபார்க்க வாங்கி, பக்கத்தில் நின்று கத்தினால் மட்டும் கேட்கும்படி வைத்தேன். வேலை சுத்தமாக வந்தது. கிருமி இப்போது நிழல் வழியாகப் பரவுகிறது என்றேன், ஜன்னலை அவரே சாத்திக்கொண்டார்.

நாளடைவில் சவரம் நின்றது. கடிகாரத்தோடு சண்டை போட்டார். ஒரு காலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், உண்மையச் சொல்லு. நான் செத்துப் போயிட்டேனா? மறைக்கிறியா?"

"செத்தவருக்கு எவன்ணே மாத்திரை வாங்கிட்டு வருவான்?"

சிரித்தார். அவ்வளவு நெருக்கமாக என்னிடம் யாரும் பேசியதில்லை, தம்பி.

மகள் வந்தாள். தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. "மாமா, நீங்க தட்டிப் பாருங்களேன்." தட்டினேன், நிறுத்தாமல், மடமடவென்று. உள்ளே அவர் கதவில் உள்ளங்கையை வைத்து எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "யாரையும் பார்க்கப் பிடிக்கலைன்னு சொல்றாரும்மா" என்றேன். அழுதுகொண்டே படியிறங்கினாள்.

சாயங்காலம் எங்கள் முறையில் தட்டினேன். திறந்தார். "யாருடா வந்தது?"

"பிணம் எடுக்கிறவங்க. உங்க பொண்ணு இனி வரமாட்டாளாம்ணே. பயமாம்."

"அப்ப பச்சை விழாதா?"

"விழாதுண்ணே."

தலையாட்டினார். வாங்கி வந்த தூக்க மாத்திரையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் என் தட்டலுக்கும் திறக்கவில்லை. மகளோடு வந்து கதவை உடைத்த போலீஸ்காரர் நீங்கள்தானே, காலி மாத்திரை அட்டையையும் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பத்திரமாகப் பொத்திப் பொத்தி வைத்தும், அந்தத் தொற்று எந்த வழியாக உள்ளே புகுந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.