வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

“சேக்கும்போது, பாதியில இழுத்து மூடிருவோம்னு ஒருத்தரும் சொல்லலியே!”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாதான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் கல்லூரிப் பையுடன் மகள். அவள் முதல் வருடம் படிக்கும் தமிழ் இலக்கியத் துறையை, நடத்தப் பணமில்லை என்று கல்லூரி மூடுகிறதாம். அதைச் சொல்லத்தான் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“என்னய எதுல போடுதாவளாம்?” என்று மகள் கேட்டாள்.

“பி.காம்ல. வேலை கெடைக்குமாம்.”

“எங்க மிஸ் என்ன சொன்னாவ?”

“அவிய வாயே தெறக்கல. அவியளயும் வேற எடத்துல வேலை பாத்துக்கிடச் சொல்லிட்டாவளாம்.”

மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

“பிரின்சிபால் ரூம்ல நீ எல்லாத்துக்கும் தலையாட்டுனத சன்னல் வழியா பாத்தேன். சம்மதிச்சிட்ட, அப்படித்தான?”

“வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்னுட்டு வந்தேன்.”

“அப்பா போனப்பொறவு வீட்டுல நம்ம ரெண்டு பேருதான். யாருகிட்ட கேப்ப?”

“ஒங்கிட்டதான் ஏட்டி. வேற யாரு படிக்கப் போறா?”

ராஜபாளையத்துக்குள் பேருந்து நுழைந்தபோது மகள் சொன்னாள்.

“மதுரைக்குப் போயி தமிழே படிக்கேம்மா. ஹாஸ்டல்லதான் இருக்கணும். நீ தனியா இருந்துக்கிடுவியா?”

அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தையல் மிசின் இருக்குல்லா. இருந்துக்கிடுவேன்.”