டூர்டிஸின் விளக்கு

எங்கள் தீவில் எல்லாரும் காலைக் காப்பியைச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துதான் குடிப்பார்கள், வெளியே ஒன்றும் தெரியாத மாதங்களிலும். வடநார்வேயில் அது பழக்கம். ஆகவே அந்த மேசையிலேயே விளக்கை வைக்கச் சொன்னது எளிதாக இருந்தது. சொன்னது நான்தான்.

என் கணவர் எய்லிஃப் ஓர் இருட்டுக்காலத்தில், சூரியனே உதிக்காத அந்த இரண்டு மாதங்களில், இறந்தார். நோய் என்று ஒன்றும் இல்லை. நவம்பரில் சூரியன் போனதும் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டை, பிறகு எல்லாவற்றையும். அதனால்தான் நகரத்து மருத்துவர் ஒருவர், பிரகாச வெளிச்சம் இருட்டுக்கால மனச்சோர்வைப் போக்குமா என்று பார்க்கும் விளக்குச் சோதனையை நடத்த உள்ளூரில் ஆள் தேடியபோது நான் ஒப்புக்கொண்டேன். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

தினமும் காலையில் முன்னால் உட்கார வேண்டிய விளக்குப் பெட்டிகள் வெளியே ஒன்றுபோல இருக்கும். பாதிப் பெட்டிகளில் நடுப்பகல் பனிபோல வெள்ளை வெளிச்சம். மீதியில் நடைபாதை பல்பு அளவுக்கு மங்கல். அது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். எந்தப் பெட்டி மெய்யானது என்று உட்காருபவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் குளிர்காலம் வீணாய்ப் போனது. நான் வாராவாரம் வீடு வீடாகப் போய் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலொடிந்தவனும் "மோசமில்ல" என்றுதான் சொல்வான். குறை சொல்வது மரியாதை இல்லை. பிரகாச விளக்குக்காரர்களும் மோசமில்லை, மங்கல் விளக்குக்காரர்களும் மோசமில்லை. வித்தியாசம் தெரியவில்லை. "அடுத்த வருஷமும் இப்படின்னா மூடிடலாம், அம்மா" என்றார் மருத்துவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உண்மை சொல்லும் ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். என் தங்கை டூர்டிஸ் ஒவ்வோர் இருட்டுக்காலமும் மூழ்கிப்போவாள், என்னிடம் மட்டும் எதையும் மறைக்க மாட்டாள். இரண்டாம் குளிர்காலச் சீட்டில் அவளுக்குப் பிரகாச விளக்கு விழுந்தது. ஆனால் மங்கல் விளக்கின் முன் மனம் மூழ்குவதை மறைக்காமல் சொல்ல ஒருத்தி இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். அதைப் பக்கத்து வீட்டு ஹெர்போர்குக்குக் கொடுத்துவிட்டு, ஹெர்போர்கின் மங்கல் பெட்டியை டூர்டிஸுக்குக் கொண்டுபோனேன். பதில்களுக்குப் போட்ட மதிப்பெண் ஒன்றைக்கூட நான் கடைசிவரை திருத்தவில்லை. ஆட்களைத்தான் மாற்றினேன்.

ஹெர்போர்க் கிறிஸ்துமஸுக்கு முன்பே ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு மீன் சாப்பிடுறார். சினிமாக்காரன்னு நெனப்பு" என்று சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் நான் அதுவரை கேட்டதில்லை.

டூர்டிஸ் கோட்டோடு சோபாவில் கிடந்தாள்.

"அக்கா, ஹெர்போர்க் வீட்டு வெளிச்சம் தெருவரைக்கும் வருது. என்னோடது காப்பிக் கோப்பையைக்கூடத் தாண்டல."

"அவ சன்னல் பெருசுடி."

"அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"தினமும் உக்காருறியா?"

"எந்திரிக்க முடியலன்னாலும் உக்காருறேன். உன் சோதனையைக் கெடுக்கக் கூடாதுல்ல. கேள்வியக் கேளு."

உயிரோடு இருப்பதில் அர்த்தம் இருப்பதாகத் தோன்றுகிறதா என்பது கடைசிக் கேள்வி. அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா" என்றாள். நான் நன்றி சொன்னேன். அந்தத் தீவில் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவான பதில் தந்ததில்லை. அவளுக்குச் சூப்பைச் சூடாக்கிக் கொடுத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தேன். அக்கறை இல்லாதவள் அப்படிச் செய்வாளா?

பெட்டியை மாற்றிவிடலாம் என்று வாசல்வரை வந்து யோசித்ததும் உண்டு. நடுவில் மாற்றினால் அவள் அதுவரை பட்டதெல்லாம் வீண். அது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது.

சூரியன் மலைக்கு மேல் திரும்பும் நாளுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் இனிப்புப் பன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்தினம் படகுத்துறைக்கு நடந்துபோன டூர்டிஸ் திரும்பி வரவில்லை.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் வாய் திறக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் மறுவாரமே ஊரார் விளக்குகளை என் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் வந்தது ஹெர்போர்க். "உன் தங்கச்சியக் கொண்டுபோனது இந்தச் சனியன்தான். எங்களுக்கு வேண்டாம்மா" என்றாள். இப்போது அவள் வீட்டில் திரைச்சீலை போட்டிருக்கிறது. ரொட்டி வாசனை இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. ஆகவே நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்; தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள். டூர்டிஸின் சாவுக்கு விளக்கு காரணம் இல்லை. அவளுக்கு நான் வெளிச்சமே கொடுக்கவில்லை.