எல்லாப் பேருக்கும் கூமாப்பட்டிப் பொண்ணு

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

“எந்தப் பொண்ணு பேரை அமுக்கினாலும் கூமாப்பட்டிப் பொண்ணுதாம்ல வாரா.”

“கல்யாணத் தகவல் மையத்துக்கு நீ செஞ்ச வெப்சைட்லயா?”

“ஆமா. ஒவ்வொரு பேருக்கும் அந்தந்தப் பொண்ணோட பதிவு நம்பரைப் போட்டு லிங்க் குடுக்கணும். நான் கூமாப்பட்டிப் பொண்ணுக்கு எழுதின வரியையே எல்லாருக்கும் காப்பி பண்ணிட்டேன். நம்பரை மாத்தல.”

“செஞ்சுட்டுச் சோதிச்சுப் பாக்கலியாலே?”

“நாலு நாளா அவளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இப்பவாச்சும் சரி பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன். அந்தந்தப் பேருக்கு அந்தந்தப் பொண்ணு வருது. கூமாப்பட்டிப் பொண்ணு லிங்கை மட்டும் எடுத்துட்டேன்.”

“அதை ஏம்ல எடுத்த?”

“ஞாயித்துக்கெழமை அவளைப் பொண்ணு பாக்கப் போறோம்.”