செவ்வாய்க்கிழமை வெட்டிய குழி

தேத்தண்ணி நல்லா இருக்கு தம்பி. சீனிதான் கொஞ்சம் கூடிப்போச்சு. பரவாயில்லை, ஊத்தினதைக் குடிக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேர் ஆதம்பாவா, வயது எழுபத்திநாலு. தொழில் ஆற்றில் வலை வீசுறது. நீங்க வாவி என்று எழுதுவீங்க, எங்களுக்கு அது ஆறுதான். எழுதி முடிச்ச பிறகு எனக்கு வாசிச்சுக் காட்டணும். நான் சொல்லாத ஒரு சொல் இருந்தாலும் கையெழுத்து வைக்க மாட்டேன். கோவிக்க வேண்டாம், பொலிசை நான் நம்புறதில்லை. டாக்டர்மாரையும் நம்புறதில்லை. ரேடியோவில் கதைக்கிறவனையும் நம்புறதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இறால் குளம் வெட்டின மெஷின் கிளப்பின எலும்பு இருக்கே, அது என்ட மனிசி கைறுன்னிஸா. அங்கே வேறு ஒருத்தரும் இல்லை, தேடி மெனக்கெட வேண்டாம்.

இதைச் சொல்லாமலே மௌத்தாகி இருப்பேன். நேற்று அந்த இடத்துக்குப் போனேன். நீங்க கட்டின கயிற்றுக்கு வெளியே ஒரு தமிழ் மனுசி நின்றாள். கண்ணகை என்று பேர் சொன்னார்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை நேரம் பிடிச்சுக்கொண்டு போய்த் திரும்பி வராத மகனுடைய படத்தை நெஞ்சோடு வச்சுக்கொண்டு, அந்தக் குழியைப் பார்த்து "மனே, வந்திட்டியா மனே" என்று அழுதாள். என்ட மனிசியைப் பார்த்து இன்னொருத்தி தன்ட மகன் என்று அழுறது சரியில்லை. அதுதான் வந்தேன்.

கொரோனா எங்கட ஊருக்குள் வந்த மார்கழியில் அவளுக்கும் வந்தது. சிகிச்சை நிலையத்துக்கு ஏத்திக்கொண்டு போனார்கள். பதினாலு நாளில் குணம் என்று கடுதாசி கொடுத்து அனுப்பினார்கள். கூட்டிவரப் போன அன்று பிரஷாந்தி என்ற டாக்டர் பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, மற்றவங்களுக்குப் பத்து நாளில கிருமி போயிரும். இவங்க சிறுநீரக வருத்தத்துக்கு எட்டு வருசமா இந்தக் குளிசை மருந்து குடிக்கிறாங்க. அது உடம்பிட எதிர்ப்பைக் குறைச்சிரும். சுகமான மாதிரி இருப்பாங்க, உள்ளுக்குக் கிருமி மாசக்கணக்கில கிடக்கும். திரும்பவும் காய்ச்சல் வந்தா ஒரு நாளும் சுணங்காமக் கொண்டு வாங்க. தப்பவைக்கலாம்."

கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொன்னதில் பாதியை நம்பினேன். உள்ளுக்குக் கிருமி கிடக்கும் என்றதை நம்பினேன். தப்பவைக்கலாம் என்றதை நம்பவில்லை. தப்பவைக்கலாம் என்று சொல்லித்தான் பக்கத்து வீட்டு நௌஷாட்டையும் கொண்டுபோனார்கள். கிருமியோடு மௌத்தானவரை எரிக்கணும், முஸ்லிமென்றாலும் எரிக்கணும் என்று அப்போது சட்டம். நௌஷாட்டை எரித்தார்கள். அவர்ட மகன் தூரத்தில் நின்று புகையைப் பார்த்துவிட்டு வந்தான்.

அன்றைக்குக் கைறுன்னிஸா சோற்றுப் பீங்கானைத் தள்ளி வச்சுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்க, என்னை மட்டும் நெருப்பில போட விட்டுராதீங்க."

நான் ஓம் என்றேன். அந்த ஓம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எழுதுங்க.

தை மாதம் பாதியில் அவளுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தது. முதலில் மாலையில் மட்டும். மறுகா இருமல். சுவரைப் பிடிச்சுக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள், ஒரு கிழமையில் பாயை விட்டு எழும்ப ஏலாமல் ஆகிவிட்டாள். நான் பனடோல் கொடுத்தேன், கொத்தமல்லி அவிச்சுக் கொடுத்தேன், ஓதின தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று எழுத வேண்டாம்.

ஒரு நாள் அசர் தொழுகை நேரம் அவள் சொன்னாள், "இஞ்சாருங்க, ஏலாமக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"போனா எரிச்சிருவானுகள் கா."

"எரிச்சா எரிக்கட்டும். எனக்கு மூச்சு விடணும்."

இதை நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன். ஒரு மனுசி இரண்டு பேச்சுப் பேசினால் எதை எடுக்கிறது? சுகமாக இருக்கும்போது சொன்னதா, காய்ச்சலில் சொன்னதா? சுகமாக இருக்கும்போது சொன்னதுதான் அவளுடைய பேச்சு. மற்றது காய்ச்சல் பேசினது. எந்தக் காதியார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்.

மகள் நிஸ்றா புருசனோடு கட்டாரில். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடுதான் அது. எங்கட பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. நாங்கள் பின்னறையில் கிடந்தோம், பின்வேலிக்கு அடுத்தது ஆறு. திங்கட்கிழமை அவள் போன் எடுத்து உம்மாவோடு கதைத்தாள். மறுகா என்னைக் கேட்டாள்.

"வாப்பா, உம்மாட இருமலக் கேட்டன். நான் சுகாதாரக் கந்தோருக்குச் சொல்லிட்டன். வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவாங்க, டெஸ்ட் எடுத்து ஏத்திட்டுப் போவாங்க. நீங்க குறுக்க நிக்கக்கூடா."

"ஓம் மகள்," என்றேன்.

"எனக்குச் சத்தியம் பண்ணுங்க வாப்பா."

அவளுக்கும் ஓம் என்றேன். தாய்க்கு ஒரு ஓம், மகளுக்கு ஒரு ஓம். இரண்டையும் காப்பாற்ற ஏலாது. முதல் சொன்ன ஓமைத்தான் காப்பாற்றணும்.

செவ்வாய்க்கிழமை தோணியை எடுத்துக்கொண்டு படுவான்கரைக்குப் போனேன். வாப்பாட மேட்டுக்காணி அங்கே சும்மா கிடந்தது. மண் இளகல், சேறு இல்லை. இடுப்புக்கு மேலே ஆழம் வெட்டினேன். கிப்லாத் திசை பிசகாமல் வெட்டினேன். ஆடு மாடு விழாமல் தென்னோலை போட்டு மூடிவிட்டு வந்தேன். புதன்கிழமை வெள்ளைத்துணி வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை, அந்த நாளில் ஒருத்தரும் கேட்கிறதில்லை.

நீங்க எழுதுறதை நிறுத்திட்டீங்க. எழுதுங்க தம்பி. குழி செவ்வாய். துணி புதன்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நிஸ்றா சொல்லியிருந்தாள்தானே. இரண்டு அகப்பை கஞ்சி குடிச்சாள். பையைக் கொண்டுவரச் சொல்லி ஒரு அபாயா, சீப்பு, குளிசைப் பெட்டி எல்லாம் தன்ட கையாலேயே எடுத்து வச்சாள். தலை சீவிவிடச் சொன்னாள். சீவிவிட்டேன். மறுகா முன்கேற்றுக்குப் போய் வெளிப்பக்கம் பூட்டைப் போட்டேன். ஆற்றங்கரையால் சுற்றிப் பின்வேலிக்குள் வந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.

வெயில் ஏறின பிறகு வாகனம் வந்தது.

"வந்துட்டாங்க," என்றாள். சிரிச்சாள் என்றுதான் நினைக்கிறேன். கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள், இருமல் வந்தது. நான் வாயைப் பொத்தினேன். இருமல் சத்தம் வெளியில் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் பொத்தினேன்.

கேற்றடியில் பஹ்மி என்ற சுகாதார இன்ஸ்பெக்டர் பிள்ளை கூப்பிட்டது. "ஆதம்பாவா காக்கா! உள்ளுக்கா இருக்கீங்க?"

டிரைவர் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கு. "சேர், பூட்டைப் பாருங்க. காக்கா ஊசிக்குப் பயந்து மனிசியையும் தோணியில ஏத்திட்டு ஓடிட்டார். வாங்க, இன்னும் பதினாலு வீடு கிடக்கு."

"மகள் உள்ளுக்கு இருக்காங்க எண்டுதானே சொன்னா?"

"கட்டாரில இருந்து அவவுக்கு எப்படித் தெரியும்?"

இன்னும் கொஞ்சம் கூப்பிட்டார்கள். கேற்றைத் தட்டினார்கள். நல்ல பிள்ளைகள், நான் குறை சொல்லவில்லை. மறுகா வாகனம் கிறுகித் திரும்பிப் போற சத்தம் கேட்டது. பள்ளிவாசல் மூலையில் ஹோர்ன் அடிச்சதும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

என்ட கை அங்கேயே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்பீங்க. என்னிடம் மணிக்கூடு இல்லை. எதிர்வீட்டுப் பரீனா குழாயைத் திறந்தாள். வாளி நிரம்புற சத்தம் கேட்டது. குழாயை மூடினாள், வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவு நேரம்.

குளிப்பாட்டினது நான். கபன் துணி சுற்றினது நான். புருசன் மனிசியைக் குளிப்பாட்டலாம், மார்க்கத்தில் இடம் இருக்கு. உச்சி வெயிலில் ஆற்றில் ஒரு தோணியும் இல்லை. வலைக்கு அடியில் கிடத்திக் கொண்டுபோனேன். தனியாகத் தொழுதேன், தனியாக மண் தள்ளினேன்.

வருத்தத்தில் மௌத்தாகிவிட்டாள், அடக்கிவிட்டேன் என்று நிஸ்றாவிடம் சொன்னேன். அழுதாள், மறுகா "நல்லது செய்தீங்க வாப்பா" என்றாள். ஊரில் தெரிஞ்சவர்கள் வாய் திறக்கவில்லை. மனிசியை எரிய விடாத மனுசன் என்று எனக்குப் பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். ஐந்து வருசமாக அந்த இடத்தில்தான் தொழுகிறேன்.

அடக்கலாம் என்று சட்டம் மாறினது அவளை அடக்கி நாலாவது வியாழக்கிழமை. ரேடியோவில் சொன்னார்கள். ஒன்றையும் நம்பாத நான், அந்தச் சட்டம் மாறாது என்றதை மட்டும் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை.

எனக்கு என்ன தண்டனை என்றாலும் கொடுங்க. அந்த எலும்பை மட்டும் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பாமல் மண்ணுக்குக் கொடுங்க. கண்ணகைக்கும் ஆள் அனுப்பிச் சொல்லுங்க, அது அவட மகன் இல்லை என்று.

இன்னும் ஒன்று. இந்த மணிக்கட்டைப் பாருங்க, நாலு நகம் பதிஞ்ச அடையாளம். பரீனாட வாளி நிரம்பும் வரைக்கும் அவள் பிடிச்ச பிடி. கையை எடுக்கச் சொல்லிப் பிடிச்சாள் என்று நீங்க எழுதப் பார்ப்பீங்க. அப்படி இல்லை தம்பி. போயிட்டு வாறன் என்று சொல்லத்தான் பிடிச்சாள். அப்படியே எழுதி, அந்த இடத்தை மட்டும் எனக்கு இரண்டு தரம் வாசிச்சுக் காட்டுங்க.