புத்தகத்தில் ஏறாத முறை

— என்ன தம்பி, கவரை மேசையிலை வைச்சுப்போட்டு நிக்கிறீர்? இரும்.

— வேண்டாம் பூரணமக்கா, சப்பாத்தோடை உள்ளுக்கு வந்திட்டன். அது கனிசியஸ் அண்ணையின்ரை காசு. அறுபத்தெட்டு ரூபா. பொலிஸ் ஸ்ரேசனிலை குண்டு வெடிச்ச அண்டைய இரவு ஓவர்ரைம்.

— என்ரை மனுசன்ரை காசு உம்மடை கையிலை என்னெண்டு வந்தது, பரமலிங்கம்?

— டியூட்டிப் புத்தகத்திலை என்ரை பேர்தானே கிடக்கு அக்கா. பேர் கிடக்கிறவனுக்குத்தான் சம்பளத்தோடை போடுவினம். பிறகு நாங்கள் எங்களுக்குள்ளை கைமாத்துவம். மூண்டு வருஷமா அப்பிடித்தான்.

— ஓம், ஓம். செத்தது அவர், ஓவர்ரைம் உமக்கு.

— அக்கா, அப்பிடிச் சொல்லாதையுங்கோ.

— கோவத்திலை சொல்லேல்லைத் தம்பி. எனக்கு இப்ப கோவமும் வாறேல்லை, அழுகையும் வாறேல்லை. நேற்று உலையிலை அரிசி போட்டதை மறந்து திருப்பியும் போட்டிட்டன். எனக்கும் மகள் பெட்டைக்கும் ஆறு பேற்றை சோறு.

— நட்டஈடு கேட்டதுக்குப் பதில் வந்ததே?

— முந்தநாள் வந்தது. பெட்டைதான் வாசிச்சவள். "கடமையில் இல்லாத வேளையில் நிலையத்தினுள் இருந்தமையால் நட்டஈடு வழங்க இயலாது" எண்டு. லீவிலை நிண்ட மனுசன் இரவிலை அங்கை என்ன செய்தவர் எண்டு என்னட்டைத் திருப்பிக் கேக்கினம். நான் என்ன சொல்ல?

— ஸ்ரேசனுக்குப் பொறுப்பான ஓ.ஐ.சி.க்கு எல்லாம் தெரியுமக்கா. ஆள் காணாதெண்டு எட்டு மணித்தியாலத்தைப் பன்னிரண்டாக்கினது அந்தாள்தான். "மாறிறதெண்டால் மாறுங்கோ, கதிரையிலை ஒரு ஆள் இருந்தால் சரி" எண்டதும் அந்தாள்தான். மாறினதை எழுதினால் மேலிடம் கேள்வி கேக்கும், ஓவர்ரைம் வெட்டுப்படும். அதாலை ஒருத்தரும் எழுதிறேல்லை. இப்ப கேட்டால், "புத்தகத்திலை இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்" எண்டுது.

— அப்ப எழுதக்கூடிய ஆள் நீர் ஒருத்தர்தான். "என்ரை முறையை அவர் நிண்டவர்" எண்டு நாலு வரி.

— அந்த நாலு வரியோடை என்னை வேலையாலை நிப்பாட்டுவாங்கள் அக்கா. ஓவர்ரைமையும் எடுத்துப்போட்டு வீட்டிலை படுத்திருந்தவன் எண்டு. பதினாலு வருஷ சேர்விஸ், மூண்டு பிள்ளையள்.

— தெரியும். அதாலைதான் நான் உம்மடை படலைக்கு வரேல்லை.

— ஆனால் எழுதிப்போட்டன் அக்கா. கவருக்குள்ளை காசோடை கிடக்கு.

— எழுதிப்போட்டீரோ? உம்மடை மனுசி மகாதேவிக்குத் தெரியுமோ?

— தெரியாது. தெரிஞ்சால் அடுப்பிலை போட்டிடுவாள்.

— வாசியும். என்ரை கண்ணாடி உடைஞ்சுபோச்சு.

— "ஐயா, இத்தால் தங்களுக்கு அறியத்தருவது. 1985 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை இரவுக் கடமை எனக்கே உரியது. எமக்குள் உள்ள வழக்கப்படி அதனை நான் கொன்ஸ்தாபிள் கனிசியஸ் அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆகவே அவர் கடமையில் இருக்கும்போதே உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பிக்குமாறும், எனக்குரிய தண்டனையை எனக்கு வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

— நல்ல எழுத்து. அவர் சொல்லுவார், ஸ்ரேசனிலை பிழையில்லாமல் றிப்போட் எழுதிறவன் பரமலிங்கம் ஒருத்தன்தான் எண்டு.

— நாளைக்கே ரெஜிஸ்ரர் தபாலிலை போடுறன் அக்கா.

— "வழக்கப்படி" எண்டு போட்டிருக்கிறீர்.

— ஓம். வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வெள்ளி இரவு எனக்காக அவர், ஞாயிறு அவருக்காக நான்.

— "வெள்ளி உன்ரை பிள்ளையாருக்கு, ஞாயிறு என்ரை யேசுவுக்கு, மிச்சம் அஞ்சு நாளும் கவுண்மேந்துக்கு." சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

— அதுதான் அக்கா. அதே கதைதான்.

— அப்ப செவ்வாய் எப்பிடித் தம்பி வழக்கமாச்சு?

— என்னக்கா?

— மூண்டு வருஷத்திலை ஒரு செவ்வாயும் நீங்கள் மாறேல்லை. அண்டைக்குப் பின்னேரம் நீர் சைக்கிளாலை இறங்காமலே படலையிலை நிண்டு கூப்பிட்டனீர். அவர் புட்டுக்கோப்பையோடை இருந்தவர். "பரமலிங்கத்தின்ரை சின்னவனுக்குக் கடும் காய்ச்சலாம்" எண்டுபோட்டு, பாதியிலை கையைக் கழுவிப்போட்டு வெளிக்கிட்டவர்.

— ஓம்... காய்ச்சல்தான்.

— செத்தவீட்டிலை மகாதேவி என்னைக் கட்டிப்பிடிச்சு அழேக்கை கேட்டனான், "சின்னவனுக்கு இப்ப எப்பிடி?" எண்டு. "அவனுக்கென்ன அக்கா, கிழமை முழுக்க மாபிள் அடிச்சுக்கொண்டு திரியிறான்" எண்டவள்.

— அக்கா...

— நான் சண்டைக்குக் கேக்கேல்லை. அதுக்கும் ஏலாது. கடிதம் போனால், ஏன் மாறினனீர் எண்டு அவங்கள் கேப்பாங்கள். அதுக்கு முதல் எனக்குச் சொல்லும்.

— அண்டைக்குப் பின்னேரம் சண்டிலிப்பாய்ச் சந்தியிலை எங்கடை ஒழுங்கையிலை இருந்து இயக்கத்துக்குப் போன பெடியன் ஒருத்தன் சைக்கிளை மறிச்சவன் அக்கா. "அண்ணை, இண்டைக்கு இரவு ஸ்ரேசனிலை நிக்காதையுங்கோ" எண்டவன்.