அத்தானின் மேல்வரிசைப் பற்கள்

வயர் இல்லாத மிஷின் வாங்குகிறவர்கள் எல்லோரும் பேட்டரியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள், ஃபாதர். அது தப்பு. என்னென்ன முனைகள் அதில் பொருந்தும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மகன் சிஜோ துபாயிலிருந்து எனக்குக் கொண்டுவந்த மினி கிரைண்டர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேனாவைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும். ஆனால் அருமையெல்லாம் கூட வந்த டப்பாவில் இருந்தது. அறுக்க ஒரு வட்டு, தேய்க்க ஒரு உருளை, பெயர் வெட்ட ஒரு வைர முனை, மினுக்க ஒரு கம்பளிச் சக்கரம். வேறு கம்பெனி முனைகளையும் அது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துவிட்டு, செய்த பாவத்தைச் சொல்லாமல் மிஷின் கதை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நீங்கள் இந்தப் பங்குக் கோயிலுக்குப் புதிது. நான் கிளீட்டஸ். கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிற வேலை. மிஷின் வந்த பிறகு என்னைத் தேடாத ஆள் இல்லை. ஜெபமாலைப் பதக்கத்தில் பெயர் வெட்டுவேன், வீங்கிய கதவைத் தேய்ப்பேன். ஷீஜா டீச்சரின் நாய்க்கு நகம்கூடத் தேய்த்துவிட்டேன். நாய் சும்மாதான் இருந்தது, டீச்சர்தான் பயத்தில் என் கையைக் கீறிவிட்டாள்.

அப்படித்தான் யேசுரத்தினம் அத்தானும் வந்தார். என் அக்கா கிளாராவின் புருஷன். மேல்வரிசை முழுக்கக் கட்டின பல். ஓரத்தில் ஓர் இடம் ஈறைக் குத்துகிறது என்று கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார்.

"ஏலே கிளீட்டஸ், இத ஒனக்க மிஷின்ல ஒண்ணு காட்டு. இதுக்காண்டி நாகர்கோவிலுக்குப் போணுமா?"

குத்துகிற இடத்தை லேசாகத் தேய்த்து, கம்பளிச் சக்கரத்தால் மினுக்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே மரச்சீனியும் சாளைக் கறியும் ஒரு பிடி பிடித்தார். "எனக்க மச்சினன் கைய வச்சான்னா டாக்டரு தோத்துப் போவாரு, கேட்டியா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நான் நல்லதுதான் செய்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவரின் சுரூபத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் முன், கோயில் படியில் நின்று ஒரு ஆள் மாதாவின் புலம்பலைப் பாடுவார். மைக் கிடையாது. தோளில் கறுப்புத் துண்டு. பக்கத்தில் துணைக்கு ஒருவன் நிற்பான். பாடுகிறவர் மனமுவந்து துண்டைக் கொடுத்தால், அல்லது பாட்டு நடுவில் நின்றுபோனால், துணையாள் எடுத்துப் பாட வேண்டும். அத்தான் பாடுவார், கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும், பெண்கள் அழுவார்கள். நான் துணையாள். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே துணையாள். வருஷாவருஷம் முழுப் பாட்டையும் உதட்டுக்குள்ளேயே பாடிவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பேன்.

எனக்கு அது வேண்டும், ஃபாதர். ஒரு தடவையாவது அந்தப் படியில் நின்று ஊரை அழவைக்க வேண்டும். ஆசையாக ஆசை, நெஞ்சுக்குள் வலிக்கிற ஆசை. ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன்.

"அத்தான், வாற வருசம் துண்ட எனக்குத் தாருங்களேன்."

"நான் மண்ணுக்குள்ள போற அன்னைக்கு எடுத்துக்க மக்கா" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் தட்டில் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கியதும், புலம்பலுக்கு முன்னால் மினுக்கித் தரச் சொல்லிப் பற்களைக் கொடுத்தார். மேல்வரிசை வாயில் நிற்பது காற்றுப்பிடியால்தான். பின்பக்க விளிம்பு அண்ணத்தோடு ஒட்டி நிற்கும்வரை விழாது. வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். பல் வேலைக்கென்றே சன்னமான முனைகள் விற்கிறார்கள். அதன் தண்டு மெலிது, அதைக் கவ்வுவதற்குச் சின்னதாக ஒரு பித்தளைக் கவ்வி தனியாக வாங்க வேண்டும். வரவழைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பின் விளிம்பை ஒரு நூல் அளவு எடுத்தேன், அவ்வளவுதான். பல் ஆடினால் பாட்டு ஆடும், பாட்டு ஆடினால் துண்டு கைமாறும். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

மறுநாளே வந்து நின்றார். பேச்சில் காற்று வந்தது.

"வாயத் தொறந்தா பல்லு கீழ வருதுலே. டாக்டர்ட்ட காட்டட்டா?"

"அவரு புதுசு போடணும்பாரு. புதுசு வாய்க்குப் பழகதுக்கு மாசக்கணக்கு ஆவும். புலம்பலுக்கு முன்ன அது வேண்டாம் அத்தான். நான் பைய சரியாக்கித் தாறேன்."

புலம்பல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அடங்கிவிட்டார். அந்தத் தவக்காலம் முழுக்க அவர் கொண்டுவருவதும், நான் சரியாக்குவதுமாகப் போயிற்று. ஈறெல்லாம் புண். அக்கா சோற்றைக் குழைய வடித்து, மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தாள். ஆள் மெலிந்தார், சட்டை தொளதொளத்தது. தவக்காலத்தில் கொஞ்சம் மெலிவது ஆத்துமாவுக்கு நல்லது என்று அக்காவிடம் சொன்னேன். ஆனால் மனிதர் துண்டை மட்டும் விடவில்லை. "பெருவெரல வச்சுத் தாங்கிப் பிடிச்சாவது பாடுவேன்" என்றார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதனால் பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு கழிந்ததும், பல் செட்டில் அண்ணத்தோடு ஒட்டுகிற தகட்டின் நடுப்பகுதியை உட்புறமாகத் தேய்த்துச் சன்னமாக்கினேன். வெளியே பார்த்தால் தெரியாது. என் வேலையை நானே சொல்லக்கூடாது, வெளிச்சத்தில் பிடித்தால் முட்டைத் தோல் மாதிரி இருந்தது. பாட்டின் முதல் அடிக்கு வாயை அகலத் திறந்து மூடும்போது இரண்டாக உடையும் என்பது என் கணக்கு. பெருவிரலால் தாங்க முடியாதல்லவா?

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டிலேயே உடைந்துவிட்டது. நானும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிசைந்த சோறுதான், அயிலை மீன்தான். அத்தான் இருமினார், கண் பிதுங்கிற்று. நான்தான் வாய்க்குள் விரலைவிட்டுப் பல்லை எடுத்தேன். என் கையில் இரண்டு துண்டு வந்தது. சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு துண்டு இல்லை. எடுத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "முள்ளு, முள்ளு, நான் சரியாப் பாக்கலியே" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் பேச்சா முக்கியம்?

ஆஸ்பத்திரியில் எதை விழுங்கினார் என்று டாக்டர் கேட்டார். முள் என்றாள் அக்கா. "பல் செட் போட்டிருந்தாரா, அது எங்கே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முழுசாக வீட்டில் இருக்கிறது என்றேன். அப்போது அது என் சட்டைப்பைக்குள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம். அவர்கள் தொண்டையில் முள்ளைத் தேடினார்கள், உடைந்த பல் துண்டோ மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருந்தது. நான் சொல்லியிருந்தால் அங்கே பார்த்து எடுத்திருப்பார்கள். அத்தான் பிழைத்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மறுநாள் பெரிய வெள்ளி, ஃபாதர். சொன்னால் என்னைப் படியேற விட்டிருப்பார்களா?

அக்காதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னாள். "நீ போய்ப் பாடு மக்கா. பாட்டு நின்னு போச்சுன்னா அவரு எழும்பி வந்து ஏசுவாரு. துண்டு அலமாரில இருக்கு."

பாடினேன். ஊர் அப்படி ஒரு அழுகை அழுதது. அத்தானை நினைத்து அழுதார்கள் என்று சிலர் சொன்னார்கள், பொறாமைக்காரர்கள் எங்கும் உண்டு. சனிக்கிழமை அத்தான் இறந்தார். நானும் அழுதேன், பொய் அழுகை இல்லை. நல்ல மனிதர்.

ஒரு வருஷமாக ஒரு விஷயம் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் வந்தேன். புலம்பல் பாடுகிறவன் அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்பது இங்கே முறை. போன வருஷம் அந்த அமளியில் செய்யாமலே பாடிவிட்டேன். அது பெரிய பாவம். இந்த வருஷம் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். நீங்கள் இதை வெளியே சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். போலீசுக்குப் போகச் சொன்னால் அதை ஈஸ்டர் கழிந்து பார்த்துக்கொள்ளலாம். என்ன அபராதம் போட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடிகிறதாகப் போடுங்கள்.

எனக்கு அடுத்து வரிசையில் நிற்பது கிளாரா அக்கா. எந்தச் சாமியாரிடம் போனாலும் ஒரே பாவத்தைத்தான் சொல்லுவாள், மீனில் ஒரு முள்ளை விட்டுவிட்டேன், என் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று. அவளை ரொம்பக் கண்டிக்காதீர்கள், ஃபாதர். வேண்டுமென்று செய்தவள் இல்லை.