எட்டு வாரங்களாகப் புகார் இல்லை

நாற்காலிகளை வட்டமாகப் போடுவது எனக்குப் பிடிக்காது. ஒன்பது ஆண்களை வட்டமாக உட்கார வைத்தால், ஒவ்வொருவனும் எதிரே இருப்பவனின் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். பொறுப்பேற்ற முதல் வாரமே வரிசையாகப் போடச் சொல்லிவிட்டேன். தர மேம்பாட்டு அலுவலர் என்பது என் பதவி. அதைக் குறித்துக்கொள்ளும்போது நீங்கள் உதட்டைச் சுழித்தீர்கள். கவனித்தேன். பரவாயில்லை.

மனைவியை அடிப்பவர்களைத் திருத்தும் வகுப்பு அது. நீதிமன்றம் அனுப்பும், இருபது வாரம் வருவார்கள். வியாழன் மாலை வகுப்பு. செவ்வாய் காலை, பக்கத்து அறையிலிருந்து ஓர் அம்மாள் அவர்களின் மனைவிமாருக்குப் போன் செய்வார். போன் அக்கா என்போம். இந்த வாரம் வீட்டில் எப்படி என்று கேட்டு எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டுவார். புருஷன்மார் கண்ணில் அது படக்கூடாது என்பது விதி.

வகுப்பில் எல்லோரும் வெண்ணெயாக உருகுவார்கள். "கோபம் வந்தா பத்து எண்ணுறேன் சார்" என்பார்கள். போன் அக்காவின் தாளில் பல் உடைந்திருக்கும். வருடாந்திர அறிக்கையில் எங்கள் மதிப்பெண் பாதாளத்தில் கிடந்தது. மேடையில் 'மனமாற்றம் ஒரு நெடும்பயணம்' என்று முழங்கும் இயக்குநர், கீழே இறங்கியதும் என் காதில், "யோவ், அந்த நம்பரை ஏதாச்சும் பண்ணுய்யா" என்பார்.

நான் நிதானமாக யோசித்தேன். பரீட்சைத் தாளைத் திருத்தியபின் மாணவனிடம் காட்டாத பள்ளிக்கூடம் உண்டா? இனி மனைவி சொன்னதைக் கணவனுக்குப் படித்துக் காட்டலாம் என்று ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். தலைப்பில் 'வெளிப்படைத்தன்மை' என்று போட்டதால் இயக்குநர் படிக்காமலே கையெழுத்திட்டார்.

போன் அக்காதான் குதித்தார். "அதுங்க என்னை நம்பிச் சொல்லுதுங்க சார். நீங்க இங்க படிச்சா, அங்க வீட்டுல என்ன நடக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"உணர்ச்சிவசப்படாதீங்கக்கா" என்றேன். சாவியை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நானே போன் செய்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் இருந்தான். அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "நான் சொல்றது அவருக்குத் தெரியாதுல்ல சார்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். அப்படிச் சொல்லாவிட்டால் உண்மையான தகவல் வராது, தரம் கெட்டுவிடும். பீரோக் கதவில் தன் விரல்களை வைத்து அவன் நசுக்கியதாகச் சொன்னாள். வியாழனன்று அவனைத் தனியே அழைத்துப் படித்தேன். அமைதியாகக் கேட்டான். "வேற என்ன சார் சொன்னா?" என்று நோட்டில் குறித்துக்கொண்டான். அவ்வளவு கருத்தாகக் குறிப்பெடுக்கும் மாணவனை நான் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் அவள், "ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க, நல்லா இருக்கோம்" என்றாள். அந்த மாதத்துக்குள் ஒன்பது வீடுகளிலிருந்தும் அதே வாக்கியம் வந்தது. இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள். எங்கள் முறையைப் பார்க்க வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

புகார் இல்லாத ஏழாவது வாரம் அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இத்தனை நாள் அவர் எதிர்ல உக்காந்திருந்தார் சார். இன்னிக்கு ஷிஃப்ட் மாத்திக்கிட்டு கடைக்கு வந்துட்டேன். வியாழக்கிழமை அவர் கிளாஸுக்கு வந்ததும் நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

வீட்டைவிட்டுப் போவது புகார் ஆகாது. அதனால் புகார்க் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, மற்றதைக் குறிப்பில் சேர்த்தேன். ஆனால் மனைவி பிரிந்துபோனவனை எங்கள் அறிக்கை 'தோல்வி' என்று எண்ணும். பாடம் முடிய மூன்றே வாரம். ஒரு நல்ல மாணவனை அப்படி இழக்க எனக்கு மனம் வரவில்லை. வியாழனன்று முதல் வேலையாக அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

நோட்டை மூடினான். "கோபம் வர்ற மாதிரி இருக்கு சார். கொஞ்சம் வெளிய போயிட்டு வரட்டுமா?" என்றான். கோபம் வந்தால் இடத்தைவிட்டு விலகு என்பது எங்கள் நான்காம் பாடம். ஒன்பது பேரில் அதைச் செய்து காட்டியவன் அவன் ஒருவன்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. வீடு பதினைந்து நிமிடம். அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். அவள் எண் என் கையில் இருந்தது. வகுப்பு நேரத்தில் போன் பேசக் கூடாது என்று நானே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பேசவில்லை.

மறுநாள் காலையே உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து அவள் இறந்த செய்தியைச் சொல்லிவிட்டார்கள். இருந்தும் செவ்வாய்க்கிழமை அந்த எண்ணை அழைத்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அறிக்கை முழுமையாகாது. மணி அடித்து ஓய்ந்தது. எட்டாவது வாரம், புகார் இல்லை என்று எழுதினேன். தாள் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, பாருங்கள். அதில் ஒரு வார்த்தை பொய்யென்று உங்களால் சொல்ல முடியாது.